கிழவனை முந்திய குட்டிகள்

அந்தப் பந்தயக் குதிரைப் பண்ணையில் இரண்டு வயதுக் குட்டிகளுக்குத் தரம் போட ஒரே வழிதான். பந்தயத்தை விட்டு வெகுகாலமான குதிரை ஒன்று உண்டு. எல்லோருக்கும் அது கிழவன். குட்டிகளை ஒவ்வொன்றாக அதன் கூட ஓடவிடுவார்கள். பாதிக்கு மேல் கிழவனுக்கு ஈடு கொடுக்காவிட்டால் அந்த வருடத்துக் குட்டிகள் மொத்தமும் கறிக்கடை லாரிக்கு. முதலாளிக்குப் பாவ புண்ணியமெல்லாம் தீவனச் செலவுக்கு அப்புறம்தான்.

தரம் போடுவது அண்ணன். கிழவனை ஓட்டுவது தம்பி.

இந்த வருடக் குட்டிகள் பார்வைக்கு ராஜா, எலும்பு மட்டும் சோளத்தட்டை. காலைத் தடவியபோதே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொன்றும் கிழவனை முந்தியது! முதலாளிக்கு வாயெல்லாம் பல். அண்ணன் கிழவனின் வாயைப் பார்த்தான். கடைவாய் கிழிந்து ரத்தம். தம்பி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தே ஓட்டியிருக்கிறான். குட்டிகள் பிறந்த ஈரத்தைத் துடைத்தெடுத்தவன் அவன், மனசு கேட்கவில்லை.

"எப்படிப்பா இருக்குதுங்க?" என்றார் முதலாளி.

உண்மையைச் சொன்னால் லாரி வரும், தம்பி வேலையும் போகும்.

"முதல் தரம்ங்க," என்றான் அண்ணன். பாழாய்ப்போன பாசம்.

"அப்ப அந்தச் செவலைக் குட்டியை முழு வேகத்துல விரட்டிக் காட்டுங்க. உன் தம்பியே ஏறட்டும்."

தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான். அண்ணன் சேணத்தின் வாரை இறுக்கினான்.

"வளைவுல மெதுவாப் போடா," என்று முணுமுணுத்தான். முழு வேகத்தில் போகிற குதிரையை மெதுவாக வளைக்க அதென்ன கட்டைவண்டியா? வளைவில் முன்கால் முறிந்த சத்தம் வேலிவரை கேட்டது. செவலை தம்பியின் இடுப்பு மேலேயே புரண்டது. அதை அங்கேயே சுட்டார்கள்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதைதான். முதலாளி அன்றைக்கே இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார், லாரியையும் வரவழைத்துவிட்டார். ஒரு குட்டி மிச்சமில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த தம்பி தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணே, மத்த குட்டிங்க?"

"நல்லா இருக்குதுங்கடா. நீ தூங்கு."

"பொய் சொல்லாத. என்னைத் தொட்டுச் சொல்லு."

அண்ணனின் கை வெகுநேரமாகத் தம்பியின் முழங்கால் மேல்தான் இருந்தது.