பெயின்ட் வாசலில் அறுபது கூடுகள்

வாங்க வாங்க, எல்லோரும் சௌக்கியமா? மூட்டுவலி, தலைவலி என்று யாரும் படுத்துவிடவில்லையே? சரி, வசதியாகச் சாய்ந்துகொள்ளுங்கள். இரண்டு சகலைகளின் கதை இது.

அக்காவைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, தங்கையைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. மாமியார் வீட்டில் வந்த பெயர், இருவரும் ஒரே புதிய கார் தொழிற்சாலையில் சேர்ந்ததும் அங்கேயும் போய் ஒட்டிக்கொண்டது. பெரியவருக்கு வெல்டிங் பிரிவு. தகடுகளைப் பற்றவைத்துக் காரின் கூட்டைச் செய்து அனுப்புவார். சின்னவருக்கு அடுத்த பிரிவு, பெயின்ட். உற்பத்தித் தலைவர் பதவி காலியாக இருந்தது. இந்த இருவரில் ஒருவருக்குத்தான் என்று பேச்சு.

மணிக்கு முப்பது கார் வரவேண்டும். பெரியவர் முப்பது கூட்டைச் சுளையாகக் கொடுத்துவிடுவார். சின்னவரிடம் பெயின்ட் காயவைக்கும் ஓவன் மக்கர் செய்ததால் பதினெட்டுக்கு மேல் நகரவில்லை. ஒரு இடத்தில் அடைத்தால் மொத்தத் தொழிற்சாலையும் பதினெட்டுதானே? அதனால் மேனேஜர் எந்நேரமும் சின்னவர் பக்கத்திலேயே நின்றார். புது ஆட்கள் அங்கே, புது விசிறிகள் அங்கே, தோளைத் தட்டிக் கொடுப்பதும் அங்கே.

பெரியவருக்கு வயிறு எரிந்தது.

“ஒழுங்கா வேலை செய்யறவனை எவன் திரும்பிப் பாக்கறான்? முழிக்கிறவனுக்குத்தான் ராஜ மரியாதை!”

“சீக்காளி பக்கத்துலதாங்க டாக்டர் நிப்பாரு. கல்லு மாதிரி இருக்கறவன் பக்கத்துல அவருக்கு என்ன வேலை?” என்றாள் மனைவி.

“ஆமா, தங்கச்சி புருஷன்னா உடனே வக்காலத்துக்கு வந்துடுவியே!”

மறுநாள் மேனேஜர் வந்து, “ஓவன் சரியாகற வரைக்கும் பெயின்ட்ல எவ்வளவு வாங்க முடியுதோ அவ்வளவு மட்டும் குடுங்க சார், போதும்” என்றார். நல்ல யோசனைதான். பெரியவர் காதில் மட்டும் அது வேறு மாதிரி விழுந்தது. அவனுக்காக நான் மெதுவாகப் போகவேண்டுமா? அவன் லட்சணம் ஊருக்கே தெரியட்டும் என்று முப்பதையும் தள்ளினார். இரண்டே நாளில் பெயின்ட் வாசலில் கூடுகள் வரிசை கட்டி நின்றன. போகிறவர் வருகிறவர் எல்லாம் சின்னவரைப் பார்த்து, “என்ன மாப்ள, கடையில சரக்கு தேங்கிடுச்சா?” என்று கிண்டல் செய்தார்கள். பெரியவருக்குக் குளுகுளுவென்று இருந்தது.

வெல்டிங் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேலையைப் பத்து நிமிடம் நிறுத்தி, ஒரு கூட்டை அளந்து பார்ப்பார்கள். அளக்கிற அம்மா வந்து நின்றாள்.

“சார், நேரமாச்சு. நிறுத்தலாமா?”

“இன்னிக்கு வேணாம்மா. பத்து நிமிஷம் நின்னா அஞ்சு கூடு போச்சு. ஒரு நாள் பாக்காட்டி குடி முழுகிடாது.”

மதியம் தன் வரிசையின் அழகைப் பார்க்க நடந்தவர், கடைசிக் கூட்டின் கதவு விளிம்பில் கை வைத்தார். ஒரு பக்கம் விரல் நுழைந்தது. மறுபக்கம் நகம்கூட நுழையவில்லை. தகட்டைப் பிடிக்கும் பிடிப்பான் தளர்ந்திருக்கிறது! ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே முன்னால் போனார். வாசலை ஒட்டிய முப்பது நன்றாக இருந்தன. பின்னால் நின்ற அறுபதும் கோணல்.

சத்தமில்லாமல் பிடிப்பானை இறுக்கிவிட்டு வந்தால், எதிரே சின்னவர் ஓடி வருகிறார்.

“அண்ணே! ஓவன் சரியாயிடுச்சு! இனி உங்க வேகத்துக்கு நானும் வாங்கிக்கறேன்!”

பின்னாலேயே வந்த மேனேஜர், “உள்ள விடறதுக்கு முன்னாடி ஒருதரம் அளந்துக்கலாமா?” என்றார்.

“எதுக்கு சார்? அண்ணன் கை பட்ட கூடு. கண்ணை மூடிட்டுத் தள்ளலாம்.”

வரிசை நகர்ந்தது. நல்ல கூடு முப்பதும் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும். பெரியவர் தூணோரம் நின்று மனக்கணக்குப் போட்டார். கதவு மூடாதது பெயின்ட் அடித்த பிறகுதான் தெரியும். ஓவன் சூட்டில் வளைந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பழி முழுக்க அவன் தலையில். பதவி என் கையில். இனித்தது. இருபது போயிற்று. இருபத்தைந்து. அங்கே சின்னவர், “நம்மால அண்ணன் பேர் கெடாம மானத்தைக் காப்பாத்திட்டோம்டா, இனி தேங்காது!” என்று ஆட்களிடம் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாவி, அதை என் காதில் படாமல் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது. முப்பத்தோராவது கூடு வாசலைத் தொட்டபோது சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினார்.

“நிறுத்துங்க. இதுலேருந்து பின்னாடி நிக்கிற அறுபதும் தப்பு. நான்தான் அளக்க விடலை.”

அறுபதையும் பிரித்துப் பற்றவைக்க நான்கு நாள். அந்த நான்கு நாளும் தொழிற்சாலையின் அடைப்பு பெரியவர்தான். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார், தோளை மட்டும் தட்டவில்லை. சின்னவர் தன் ஆட்களில் பாதியைக் கேட்காமலே அனுப்பினார். அது இன்னும் எரிந்தது.

பதவி சின்னவருக்குப் போயிற்று. பெரியவர் கை குலுக்கினார்.

“சந்தோஷம்தானேங்க?” என்றாள் மனைவி.

“சந்தோஷம்தான். நீ அதையே பத்துதரம் கேக்காத.”

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சகலையோ ஓரகத்தியோ இருப்பார்களே? யாரைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிந்தது, அப்புறம் என்ன செய்தீர்கள் என்று மறைக்காமல் எழுதி அனுப்புங்கள்.