நாலாம் நாள் பதிவு

சித்தூரில் அம்மா எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, திருப்பதியிலிருந்து மகன் சக்ரபாணி எத்தனை தடவை வந்து பார்த்தான் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் விரல் மடக்காமலே சொல்வார்கள். கைக்கெட்டின தூரம், நாளெல்லாம் பஸ். ஆனாலும் வரவில்லை. வீடியோவில் மட்டும் வருவான். "அம்மா, இந்தப் பக்கம் திரும்பு, வெளிச்சம் பத்தலை" என்பான். மூக்கில் குழாயோடு அவள் திரும்புவாள். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது தங்கை வஸுமதி.

அம்மா கண்ணை மூடியதும் மகன் ஐயா காரில் வந்து இறங்கிவிட்டார். காரியமெல்லாம் தன் வீட்டில்தான் என்று உடம்பைத் திருப்பதிக்குக் கொண்டுபோனார். "நீ கல்யாணமானவ, உனக்கு மூணு நாள் தீட்டுதான். எனக்குப் பத்து" என்று, நிலத்தைப் பாகம் பிரிப்பதுபோலத் தீட்டையும் பிரித்துக்கொடுத்தார். எட்டு மாதம் மலமூத்திரம் அள்ளியவளுக்கு மூன்று.

சக்ரபாணி ஒரு பிளாக்செயின் தளத்தில் வலைப்பதிவு எழுதுகிறவன். அங்கே ஏற்றியதைப் பெருமாளே வந்தாலும் அழிக்க முடியாது என்று கல்யாண வீடுகளில்கூடச் சொல்லுவான். பதிவுக்கு விழும் ஓட்டைப் பொறுத்து ஏழாம் நாள் டோக்கன் வந்து சேரும். அதை விற்றால் காசு. அதுவரை அவன் எழுதி ஏற்றியதெல்லாம் சூரியோதயமும் வெற்றிக்கு ஐந்து வழிகளும்தான்.

இரண்டாம் நாள் வஸுமதியின் நோட்டு அவன் கையில் அகப்பட்டது. அம்மா என்ன சாப்பிட்டாள், தூக்கத்தில் யாரைக் கூப்பிட்டாள், எந்த ராத்திரி தன் பெயரையே மறந்தாள் என்று எட்டு மாதமாக அவள் எழுதிவைத்தது.

"இதைப் போடலாம் வஸு. நாலு பேர் அம்மாவைத் தெரிஞ்சுக்கட்டும்."

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் இளகிவிட்டாள். "காசு மட்டும் கூடாதுண்ணா."

"சீ, அம்மாவை வச்சுக் காசா? என்ன பேச்சு பேசற."

நாலாம் நாள் காலை. குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு மடியாக நின்றான் சக்ரபாணி. வாசலில் வாத்தியார் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவன் போன் வஸுமதியின் கையில். அது விழுப்பு, தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும். ஆகவே இரண்டு முழம் தள்ளி நின்று சொன்னான்:

"உனக்குத்தான் தீட்டு போயாச்சே, நீ அமுக்கு. தலைப்பு போடு. 'தாயின் கடைசி மூச்சு: கண்ணீர் வராதவர் யார்?' போட்டோ அந்தக் குழாய் வச்சது. அதுலதான் முகம் நன்னா விழுந்திருக்கு."

வஸுமதி தலைப்பை அடித்து, போட்டோவைச் சேர்த்தாள்.

"கீழ வா. எழுதினவருக்கு ஊதியம்னு இருக்கும். மூணு இருக்கா? படி."

"பாதி டோக்கன், பாதி பலம். முழுக்கப் பலம். ஊதியம் வேண்டாம்."

"முதலாவது."

"காசு கூடாதுன்னு சொன்னேனே."

"அசடு, இது காசில்லை, டோக்கன். பாதியை உடனே வித்துக்கலாம். மீதி பலமா என் கணக்குலயே நிக்கும், என் ஓட்டுக்கு மதிப்பு ஏறும். முழுக்கப் பலம்னா பதிமூணு வாரம் கையே வைக்க முடியாது. எனக்குக் கார் டயர் மாத்தணும்."

"ஏன், இன்னிக்கேவா?"

"யோசிச்சுதான் வச்சேன். இன்னிலேர்ந்து ஏழு நாள்னா பதினோராம் நாள். தீட்டு கழிஞ்சிருக்கும். தீட்டுல வரவு வாங்கப்படாது பாரு."

சொல்லும்போது அவன் முகத்தில் நிஜமான பயபக்தி இருந்தது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. பொய்யான முகமாக இருந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

"ஸ்வாமி, டைம் அயிந்தி, ரண்டி" என்று, நேரமாகிவிட்டதாக, வாத்தியார் தெலுங்கில் கூப்பிட்டார்.

"அமுக்கினயா?"

"அமுக்கிட்டேன்."

அமுக்கியது மூன்றாவதை, 'ஊதியம் வேண்டாம்' என்பதை. முதல் ஓட்டு விழும்வரை இதை மாற்றலாம் என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஒரு மணி நேரத்தில் வருவான், பார்ப்பான், மாற்றுவான் என்று அவளுக்குத் திக்கென்றது. ஆனால் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, போன் சிணுங்கியது. முதல் ஓட்டு. போட்டவர் சக்ரபாணி. தன் பதிவுக்குத் தன் ஓட்டு தானாகவே விழும்படி வருஷக்கணக்காக அமைத்துவைத்திருக்கிறான் மகானுபாவன்.

காரியம் முடிந்து வந்தவன் எட்டிப் பார்த்தான். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. பக்கத்தில் இருந்த தொகையின் குறுக்கே ஒரு கோடு.

"என்ன கோடு இது?"

"வேண்டாம்னு போட்டேன்."

"மாத்து."

"முடியாதாம். ஓட்டு விழுந்தாச்சு. முதல் ஓட்டே உன்னோடதுதான்."

மடியாவது விழுப்பாவது, போனைப் பிடுங்கினான். நின்றபடியே கீழே கீழே தள்ளிக்கொண்டு போனான். போகப் போக முகம் மாறியது. 'தாயின் நினைவை விற்க மறுத்த மகனே, வணங்குகிறேன்.' 'இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா!' மெல்ல உட்கார்ந்தான். இலை போடுவதற்குள் நாற்பது பேருக்குப் பதில் எழுதியாகிவிட்டது: 'பெற்றவளை வைத்துச் சம்பாதிக்க மனம் வரவில்லை.'

அவன் பெண்டாட்டி ஸ்ரீப்ரியா எட்டிப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"வஸு, நீ பண்ணினதும் ஒருவிதத்துல நல்லதுக்குத்தான்" என்றான். "ஜனம் உருகறது. நோட்டுல இன்னும் பக்கம் இருக்கோல்லியோ? அடுத்ததுக்கு 'பாதி டோக்கன், பாதி பலம்' போட்டுடலாம். இப்போ கூட்டம் சேர்ந்துடுத்து."

வஸுமதி நோட்டை எடுத்துக்கொண்டாள். "சாப்பிட்டுட்டுப் போயேன்" என்று மன்னி சொன்னது காதில் விழுந்தது. சாப்பிடவில்லை.

பஸ் ஸ்டாண்டு குழாயில் கையைக் கழுவினாள். அமுக்கின விரலை மட்டும் மறுபடி ஒரு தடவை தேய்த்தாள். சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் போன் அடித்தது. அண்ணன்தான், வீடியோவில். தன் புரொஃபைல் படத்தை அதற்குள் மாற்றியிருந்தான். வட்டத்துக்குள் மூக்கில் குழாயோடு அம்மா, வெளிச்சம் பார்த்துத் திரும்பிய முகம்.

வஸுமதி போனைக் கவிழ்த்து நோட்டின் அடியில் வைத்தாள். அது அடித்து அடித்து ஓய்ந்தது.