பட்டியலில் மூன்றாவது: பக்கம் 65 முதல் 80 வரை

1

“எங்கள் நாவலை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.”

பத்திரிகைக்காரர்களிடம் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று ஒரு சிறு பதிப்பகத்தில் ப்ரூஃப் பார்க்கும் எனக்குக் கறாராகச் சொல்லப்பட்டிருக்கிறது. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சலாம். ஏன் சேர்க்கவில்லை என்று ஊரறிய அழலாம். எடுத்துவிடுங்கள் என்று எந்தச் சிறு பதிப்பகமும் இதுவரை கேட்டதில்லையாம்.

இந்தக் கதை அந்த வாக்கியத்திலிருந்துதான் பிறந்தது. முதலில் அது ஒரு கடிதம். எழுத எழுதக் கடிதம் வசவாக மாறியது. வசவை வெட்டியெடுத்துவிட்டுக் கடிதத்தைத் தனியாக வைத்தேன். மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கதையாக்கிவிட்டேன். நீங்கள் படித்த பல கதைகளும் இப்படி மிஞ்சியவைதான் என்பது என் சந்தேகம்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

“இருபது ஆண்டுகளாகக் கலத்தில் அவளைத் தவிர யாரும் கொட்டாவி விடவில்லை.” [இது என்னுடையதல்ல, அந்த நாவலின் முதல் வரி. இதைவிட நல்ல வரி கைவசம் இல்லாததால் திருடப் பார்த்தேன்.]

“பதிப்பகத்தின் பழைய மின்விசிறி கிறீச்சிட்டபடி –” [மின்விசிறியில் தொடங்கும் கதைகளை நானே திருப்பி அனுப்புகிறவள்.]

“நான் கோபமாக இருக்கிறேன், ஏனென்றால் –”

இது பரவாயில்லை. ஆனால் அந்த ‘ஏனென்றால்’ விளங்க, நாவலைச் சொல்லியாக வேண்டும்.

எழுதியவர் ஒரு மருத்துவமனை லேபில் ரத்தம் எடுப்பவர். நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். அவருடைய விண்கலத்தில் எல்லோரும் வயதாகாமல் உறங்குகிறார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் விழித்திருந்து, படுக்கை படுக்கையாகப் போய், உறங்குகிறவர்களின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்க வேண்டும். அவளுக்கு மட்டும் வயதாகிறது. உறங்குகிறவர்களில் அவள் அம்மாவும் ஒருத்தி. அம்மாவின் வயதை மகள் எட்டும் நாளில் அவளை எழுப்புகிறாள். பிறகு பதினாறு பக்கம் சண்டை. ‘ரெண்டு பொண்ணு இருக்கும்போது என்னை மட்டும் ஏன் முழிச்சிருக்கச் சொன்னே?’ என்கிறாள். அம்மா சொல்கிறாள்: ‘நீதான் சொன்னதக் கேப்ப.’

கையெழுத்துப் பிரதியில் அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.

3

போன வாரம் ஒரு பத்திரிகையில், ‘சிறு பதிப்பகங்களிலிருந்து தவறவிடக் கூடாத பத்து அறிவியல் புனைவு, மிகுபுனைவு நாவல்கள்’ என்று ஒரு பட்டியல் வந்தது. எங்கள் நாவல் மூன்றாமிடம். விமர்சகர் எழுதியிருந்தார்: “தாயை எழுப்பும் கணத்தில் மொழி இயந்திரமாக உறைந்துவிடுகிறது. அந்தப் பதினாறு பக்கங்களின் துணிச்சலுக்காகவே இந்நாவலைப் பரிந்துரைக்கிறேன்.”

இயந்திரமா? புத்தகத்தைத் திறந்தேன். பக்கம் 64இல் மகள் அம்மாவின் படுக்கை மேல் குனிகிறாள். பக்கம் 65: ‘மோட்டாரை இயக்கும் முன் குழாயில் நீர் நிரம்பியுள்ளதா எனச் சரிபார்க்கவும்.’

நடந்தது இதுதான். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஃபாரங்களை எண் வரிசையில் அடுக்கித் தைத்தால் புத்தகம். அதே வாரம், அதே அச்சகத்தில், அதே அளவில் தண்ணீர்ப் பம்ப் பராமரிப்புக் கையேடு ஒன்றும் ஓடியிருக்கிறது. இரண்டிலும் ஐந்தாம் ஃபாரம் 65இல் தொடங்கி 80இல் முடியும். பைண்டிங்கில் இரண்டு கட்டும் இடம் மாறிவிட்டன. ஐந்நூறு பிரதிகளிலும்.

(அடிக்குறிப்பில் போட வேண்டியது, கூச்சத்தோடு இங்கே: மாதிரிப் பிரதியைச் சரிபார்த்தவள் நான். பக்க எண்ணை மட்டும் பார்த்தேன். 64, 65. 80, 81. அழகாக ஓடியது. கையெழுத்துப் போட்டேன்.)

விமர்சகர் படிக்காமல் எழுதிவிட்டார் என்று திட்டலாமென்றால் அதற்கும் வழியில்லை. படித்திருக்கிறார். புத்தகம் அச்சாகி வந்தபின் எங்கள் அறையில் யாரும் செய்யாத காரியம்.

4

பதிப்பாளரை வில்லனாக்க நான்கு வரைவுகள் எழுதினேன். முதல் வரைவில் அவர் விரலில் மோதிரம் மாட்டிவிட்டேன். நிஜத்தில் அவர் விரலில் பசைதான் ஒட்டியிருக்கும். பார்சலை அவரே ஒட்டி, அவரே தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர். அக்காவின் சண்டையைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தியபடி, “இத நாமதான் போடணும்” என்றவரும் அவர்தான். வில்லன் வேலைக்குத் தேறமாட்டார். ஆனாலும் பேசியது இப்படித்தான்:

“பதினோரு வருஷமா புத்தகம் போடறேன். ஒரு பட்டியல்லயாவது நம்ம பேரு வந்திருக்கா? இப்ப வந்திருக்கு. நீ போயி அது பிழைன்னு எழுதப் போறியா?”

“பிழைதானே அண்ணா.”

“பட்டியல்ல வராம இருந்தா பிழை. வந்துடுச்சு. இனிமே அது உத்தி.”

“அப்ப ரெண்டாம் பதிப்பு?”

“அப்படியேதான். பம்போட.”

“அக்கா எழுதின சண்டை?”

“அருமையான சண்டைதாம்மா, யாரு இல்லன்னா? ஆனா பட்டியல்ல இருக்கறது பம்புல்ல?”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவருக்கு வரவில்லை.

“எடுத்துடுங்கன்னு மட்டும் ஒரு வரி போச்சு, நாளையிலேருந்து நீ வர வேண்டாம். சொல்லிட்டேன்.”

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ‘எம் பொண்ணு புத்தகத்துல தப்பு கண்டுபிடிக்கிற வேலை பாக்கறா’ என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். கண்டுபிடித்ததற்காக வேலை போயிற்று என்று அவளிடம் எப்படி –

[இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.]

5

அப்படியானால் சண்டை எங்கே போயிற்று? கையேட்டுக்குள். மறுநாள் போன் வந்தது.

“மேடம், நான் பம்ப் மெக்கானிக். கையேட்டுக்கு நடுவுல ஒரு கதை வருது. அச்சகத்துல கேட்டேன், உங்க நம்பர் குடுத்தாங்க.”

“மன்னிச்சுக்கங்க சார், வேற புத்தகத்தோட பக்கம் மாறி –”

“அதெல்லாம் புரிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணு அம்மாவத் திரும்பத் தூங்க வெச்சாளா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. எம்பதாம் பக்கத்துல சண்டை உச்சத்துல நிக்குது, திருப்பினா வால்வு வந்துடுது.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“எங்க வீட்டுல அஞ்சு புள்ளைங்க. சொன்னதக் கேக்கறவன் நான் ஒருத்தன்தான். தூங்க வெக்கக் கூடாது மேடம். அந்தம்மாவும் கொஞ்ச நாள் ஊசி புடிக்கட்டும்.”

[இந்த மெக்கானிக் நான் இட்டுக்கட்டிய ஆள் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். விமர்சகரைப் பற்றி உங்களுக்கு அந்தச் சந்தேகம் வரவேயில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.]

6

அக்காவைப் பார்க்க லேபுக்குப் போனேன். குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, உங்க பிரதியப் பிரிச்சுப் பாத்தீங்களா?”

“வந்த அன்னிக்கே.”

“அறுபத்தஞ்சாம் பக்கம்?”

இன்னொரு சீட்டை ஒட்டி, கட்டைவிரலால் நீவினார். “பாத்தேன்.”

“ஏன்க்கா ஒரு போன் பண்ணல?”

“அந்தச் சண்ட நல்லா இல்லன்னு எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். பம்ப் வெச்சதுக்கு ஏதோ அர்த்தம் இருக்கும், நமக்குத்தான் எட்டலன்னு நாலு தடவ படிச்சேன். நீங்கள்லாம் படிச்சவங்க. தெரிஞ்சுதானே செஞ்சிருப்பீங்க.”

படிச்சவங்க. அப்பா எத்தனை அலுவலக மேசைகளுக்கு முன்னால் நின்று இந்த வார்த்தையைச் சொல்லி, எத்தனை தப்பான காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இப்போது நான்.

[இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. கத்திக்கொண்டே இருந்தது. வெளியே அனுப்பிவிட்டேன்.]

“அர்த்தமெல்லாம் இல்லக்கா. பிழை. என் பிழை.”

கையுறையைக் கழற்றினார். “அப்ப அந்தச் சண்ட நல்லாத்தான் இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சுக்கா.”

பட்டியலைப் பற்றிச் சொன்னேன். மூன்றாமிடம் என்றேன். பதிப்பாளர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

“மூணாவதா வந்தது நான் எழுதினது இல்லியே. எடுக்கச் சொல்லு.” வாசலில் காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டுவிட்டு, “சட்டைய மேல மடிச்சுவிடுங்க” என்றார். அது எனக்கல்ல.

7

இனி முடிவு. மூன்று இருக்கின்றன.

அ. கடிதம் போகிறது. பத்திரிகை வருத்தம் தெரிவிக்கிறது. சரியான பதிப்பு வருகிறது. விமர்சகர் அந்தச் சண்டையைப் படித்துவிட்டுத் தன் அம்மாவுக்குப் போன் செய்கிறார். [எனக்கே மிகவும் பிடித்திருக்கிறது. அதனால் நம்ப முடியவில்லை.]

ஆ. கடிதம் போகவில்லை. பம்ப் பதிப்பு பேசப்படுகிறது. அடுத்த வருடப் பட்டியலில் நான்கு நாவல்களுக்கு நடுவே துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு வருகிறது.

இ. கடிதம் போகிறது. ‘படைப்பே தன்னைப் பட்டியலிலிருந்து விலக்கக் கோரும் துணிச்சல்’ என்று பாராட்டி, எங்களை முதலிடத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். [இதுதான் நடக்கும் என்று பயமாக இருக்கிறது.]

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: கடிதம் இன்று காலை பத்தரைக்கே போய்விட்டது. அச்சகத்துக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. என் மேசையைத் துடைத்து, ப்ரூஃப் கட்டுகளை அடுக்கி, மேல் கட்டில் எந்தப் பக்கம் வரை பார்த்திருக்கிறேன் என்று சீட்டு வைத்தாயிற்று.

பதிப்பாளர் பார்சல்களோடு உள்ளே வருகிறார். என் தோளில் பை தொங்குவதைப் பார்க்கிறார்.

“எங்கம்மா கெளம்பிட்ட, மதியானமே?”

செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.

“அந்தக் கடிதம்... அனுப்பலதானே?”

உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்களே அவரிடம் சொல்லுங்கள். நான் படியிறங்கிவிட்டேன்.