மூன்றாம் காட்சியின் முடிச்சு

கல்லூரி நாடகக் குழுவில் அவனுக்குப் பிணம் என்று பெயர். மூன்று வருடத்தில் ஐந்து நாடகங்களில் செத்திருக்கிறான். குத்துப்பட்டு, சுடப்பட்டு, குதிரையிலிருந்து விழுந்து. குதிரை கிடைக்காததால் அது நாற்காலி. வசனம் கொடுத்தால் பாடம் ஒப்பிப்பது போல இருக்கும். சாகச் சொன்னால் அசத்திவிடுவான்.

இந்த வருடம் ஒரு கொலைக் கதை. மூன்றாம் காட்சியில் அவனைக் கயிற்றால் நெரித்துக் கொல்பவன், அவனுடைய அறைத்தோழன் நெட்டை. கயிற்றில் இருப்பது பொய் முடிச்சு, இழுத்ததும் அவிழ்ந்துகொள்ளும். முதல் இரண்டு நாளும் அது அவசரப்பட்டு அவிழ்ந்து நெட்டையின் கையோடு வந்துவிட, கொலை நடக்கும்போது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. பிணம் கண்ணைப் பிதுக்கி, காலை உதைத்து, மெல்ல அடங்கியபோது கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் இருந்த டைரக்டர் சார், "பையன் தேறிட்டான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து சாமான்காரி ஓடிவந்தாள். வாள், விளக்கு, கோப்பை எல்லாம் அவள் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர். மேடையில் அவளுக்கு வேலையே கிடையாது. நேரே வந்து கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டி, பிணத்தின் கன்னத்தில் நாலு அறை விட்டாள். நாலாவதுக்கு அவன் இருமினான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கதையே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஒத்திகை அறையில் விசாரணை. நடத்தியவன், நாடகத்தில் துப்பறிவாளனாக வந்த இறுதியாண்டு மாணவன். பசை பிடித்துக்கொண்டு வர மறுத்ததால் ஒட்டு மீசையோடே வந்திருந்தான். அந்த மீசை கொடுத்த தைரியமாகத்தான் இருக்க வேண்டும், டைரக்டர் சாரையே ஓரமாக உட்காரச் சொன்னான்.

"உன் சாவுல யாருக்குப்பா லாபம்?"

பிணம் கழுத்தில் துணி சுற்றியிருந்தான். "கட்டில் ஒண்ணு காலியாகும்ணா. ஜன்னலோரம்" என்றான் கரகரத்த குரலில்.

"முடிச்சு போட்டது யாரு?"

"நான்தான்" என்றாள் சாமான்காரி. "பொய் முடிச்சுதான் போட்டுக் குடுத்தேன்."

"வெட்டின கயித்துல நிஜ முடிச்சுல்ல இருக்கு?"

அவள் கயிற்றை வாங்கி முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

துப்பறிவாளன் மீசையை முறுக்கப் போய் வலியில் முகம் சுளித்தான். "சரி, அதை விடு. நானூறு பேர் பாத்துட்டிருந்தாங்க. சாரே நடிப்புன்னு நம்பிட்டாரு. ஓரமா நின்ன உனக்கு மட்டும் அவன் நிஜமாவே சாகறான்னு எப்படித் தெரிஞ்சுது? முடிச்சு போட்ட ஆளுக்குத்தானே அது தெரியும்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் காது மடல் சிவந்தது. கடைசியில், "நான்தான்னே எழுதிக்குங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"முடிச்சை மாத்தினது நான்" என்றான் நெட்டை, கதவோரத்திலிருந்து. "நான் கொலை பண்ணா எல்லாரும் சிரிக்கறாங்க. அதான் இறுக்கிப் போட்டேன். லேசா இழுக்கலாம்னுதான் இருந்தேன்."

"அவன் மூச்சு விடலைன்னு உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"ரெண்டு வசனம் பாக்கி இருந்துச்சு."

டைரக்டர் சார் பழக்கதோஷத்தில், "சொன்னியா?" என்று கேட்டார்.

"சொன்னேன் சார்." நெட்டை துப்பறிவாளனிடம் திரும்பினான். "அவளை ஏன் போட்டுக் குடையறீங்க? அவ நாடகத்தையே பாக்க மாட்டா. இவன் செத்து விழுந்ததும் இவன் வயித்தையேதான் பாத்துட்டு நிப்பா, மூச்சு ஏறி இறங்குதான்னு. ஒத்திகையிலேர்ந்தே அப்படித்தான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் அவளையே பாத்துட்டு நிப்பேன்."

துப்பறிவாளன் நோட்டை மூடிவிட்டான். இந்தக் கட்டத்துக்கு அவனிடம் வசனம் இல்லை.

நெட்டையைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். மீதி நாட்களின் நாடகமும் ரத்தானது. பிணம் அறைக்குப் போனபோது நெட்டை பெட்டியில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா?"

"வேற ரூம் கேட்டிருக்கேன். இனிமே எங்கூட எப்படிடா தூங்குவ?"

"உன் குறட்டையிலயே மூணு வருஷம் தூங்கியிருக்கேன்." பிணம் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்தான். "அந்த ரெண்டு வசனம் சொன்னப்போ என்ன நெனச்ச?"

நெட்டை கையிலிருந்த சட்டையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "இனிமே அவ உன்னைப் பாக்க மாட்டான்னு தோணுச்சு. ஒரு நொடிதான்டா."

"நீளமான நொடிடா அது" என்றான் பிணம்.

நெட்டை குலுங்கிக் குலுங்கி அழுதான். பிணம் கைக்கெட்டிய துண்டை எடுத்துக் கொடுத்தான். மன்னித்துவிட்டோமா என்று அவனுக்கே தெரியவில்லை. பெட்டியை மட்டும் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

மாலையில் மேடையைக் காலி செய்யும் வேலை. சாமான்காரி வாள் பெட்டியைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். பிணம் போய் மறுமுனையைப் பிடித்தான்.

"வந்து..." என்று ஆரம்பித்தான்.

"படி ஒண்ணு உடைஞ்சிருக்கு, பாத்து வை" என்றாள். ஆனால் தன் பிடியை அவன் பக்கமாக நகர்த்தி, பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள்.

பின்னால் யாரும் கூப்பிடாமலே நெட்டை மேஜையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சுவத்துல இடிக்காம வரச் சொல்லு" என்றாள் பிணத்திடம்.

பிணம் திரும்பிச் சொன்னான். நெட்டை இடித்தான்.