ரோதைமுனிக்கு நேர்ந்த கார்

பசறை கணபதியின் கறுப்புக் கார் எழுபத்தாறாம் வருடம் தை மாதத்திலிருந்து டீசல் இல்லாமல் ஓடுகிறது. எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் வாடகைக் கார் ஓட்டும் மற்ற ஹயர்காரர்கள் அவரைப் பார்த்துக் கொடுத்துவைத்த மனுஷன் என்று பெருமூச்சு விடுவார்கள். கொடுத்துவைத்தவராம்! அவர் வயிற்றெரிச்சல் அவருக்கல்லவா தெரியும்.

முதலில் அவரிடம் ஒரு பெற்றோல் கார் இருந்தது. பிள்ளை பெற்ற மனைவி பாக்கியலெட்சுமிக்கு உதிரம் நிற்காமல் போனபோது அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அதில்தான் ஏற்றினார். டவுனுக்கு முந்திய வளைவில் அது நின்றது. அவர் பின்னாலிருந்து தள்ளினார். மூத்த மகள் நல்லம்மா தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "வண்டி நகருதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நகரவில்லை. தாயும் போனாள், பிள்ளையும் போனது. கணபதி அந்தச் சனியனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கைவிடாத ஒரு டீசல் காரைத் தேடி மூன்று வருடம் அலைந்தார். புதுக் கார்கள் நாட்டுக்குள் வராத காலம் அது. மலைநாட்டில் பழைய கார் விற்பவன் எப்போதும் வண்டியை இறக்கத்தில்தான் நிறுத்தி வைப்பான். உருட்டிவிட்டால் செத்த எஞ்சினும் இருமிக்கொண்டு கிளம்பும். கணபதி சமதரைக்குத் தள்ளச் சொல்வார். "ராத்திரி பூரா பனியில கெடக்கட்டுங்க, விடியக்காலம் வந்து பாக்குறேன்" என்பார். விடிந்தால் விற்பவன் முகம் தொங்கிப்போகும். கடைசியில் பதுளைத் துணிக்கடை அஸீஸ் முதலாளியின் பின்வளவில், சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுச்சென்ற கார் ஒன்று, பனியில் கிடந்தும் முதல் திருப்பிலேயே உறுமியது.

தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்களைக் காக்கும் சாமி ரோதைமுனி. கணபதி காரை நேரே அவர் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, சேவல் அறுத்து, "என்னய நம்பி ஏறுறவங்க யாரா இருந்தாலும் சரி, போற எடத்துல கொண்டுபோய்ச் சேர்க்காம இது நிக்கக்கூடாது சாமி" என்று கேட்டார்.

பூசாரி சின்னராசா பதறிப்போய், "கொஞ்சம் யோசிச்சுக் கேளுங்கண்ணே" என்றார்.

"யோசிச்சு யோசிச்சுத்தான் பொண்டாட்டியப் பறிகுடுத்தேன்" என்றார் கணபதி.

கார் நிற்கவில்லை. வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன அன்று, அது பாலம் இருந்த உயரத்திலேயே ஆற்றைக் கடந்து, வயிற்றுவலிக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. பின்னால் வந்த பஸ் திரும்பிப் போயிற்று.

அதற்குள் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசித் தோட்டத்து ஜனங்களைப் பங்கு போட்டிருந்தன. கணபதி இலங்கைப் பங்கில் விழுந்தார். நல்லம்மா கட்டிக்கொண்டு போன குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. மனுஷரையா இப்படிக் கூறு போடுவார்கள்? கப்பலடிக்குப் போகும் ரயிலை, அந்தக் கோச்சியைத் தவறவிட்டால் கப்பலும் தவறும், பிறகு எப்படியாவது மகளை நிறுத்திக்கொள்ளலாம் என்று கணபதி நம்பினார். புறப்படும் நாளுக்கு முந்திய மாலை டாங்கியில் ஒரு சொட்டு விடாமல் டீசலை இறக்கித் தகரக் கானில் ஊற்றினார். காலையில் நல்லம்மா புருஷனோடு ஏறி உட்கார்ந்ததும் கார் தானாகவே உறுமியது. வழியில் அவர் சாவியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். பிரேக்கின் மேல் ஏறி நின்றார். அது சொன்ன சொல் மாறாமல் போய்க்கொண்டே இருந்தது. பாக்கியலெட்சுமி செத்த வளைவு வந்ததும், "நில்லேன், மூதேவி! இங்க நிக்கத் தெரியும்ல ஒங்க சாதிக்கு!" என்று கத்திவிட்டார்.

நல்லம்மா பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டாள். "விடுங்கப்பா. இந்த எடத்துல ஒருதடவ நின்னது போதும்."

கோச்சிக்கு அரைமணி முந்தியே போய்ச் சேர்ந்தார்கள். அது நகர்ந்தபோது கணபதி மகளின் கையை விடாமல் பிளாட்போம் முடியும்வரை ஓடினார், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

காரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று அஸீஸ் முதலாளி கேட்டுப் பார்த்தார். "இப்பிடி ஒரு கார் எங்க கெடைக்கும், மொதலாளி" என்று கணபதி மறுத்துவிட்டார். ரோஷத்தில் டீசலும் அடிக்கவில்லை, சாவியும் செய்யவில்லை. ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "திருச்சிக்கு, என் மககிட்ட" என்றார். ஆற்றைக் கடந்த வண்டிக்குக் கடல் என்ன பெரிய காரியம்! கார் அசையவில்லை. தன்னை நம்பி ஏறுகிறவர்களுக்குத்தான் அவர் கேட்டிருந்தார். அவர் யாரை நம்பி ஏறுவது? மத்தியானம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்போது தோட்டத்துக் கூலி வீடுகளான லயத்திலிருந்து நிறைமாத வலியோடு ஒருத்தியைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அவள் கதவைப் பிடித்ததுமே எஞ்சின் உறுமியது. கணபதி இறங்கி, முன்சீட்டுக்குப் போய், "பதுளைக்குத்தானே?" என்று கேட்டார்.