சாட்சிக்கு உள்ளே இடமில்லை

குட்ரூன் அறைக்குள் ஒரு காலை வைத்துவிட்டாள். சட்டமன்ற ஊழியர் கையை நீட்டி மறித்தார்.

"மன்னிக்கணும்மா. நீங்க சாட்சி. உங்கள விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் மத்தவங்க சொல்றத நீங்க கேக்கக் கூடாது."

"கேக்கத்தானேய்யா வந்தேன்!"

"சட்டம் அப்படி."

திராட்சை விழாவன்று ஆற்று நடைபாலம் இடிந்து அவள் கணவன் ஃபோல்க்மார் போனபின், அவளை எழுந்து நடக்க வைத்ததே இந்த விசாரணைக் குழுதான். ஆளுங்கட்சிக்கு இதில் விருப்பமில்லை. ஆனால் உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் சட்டமன்றம் குழு அமைத்தே தீர வேண்டும். அந்த ஐந்தில் ஒரு பங்குக்காக அவளும் நாத்தனார் ஹெட்விக்கும் எதிர்க்கட்சிக்காரர் வாசல்களுக்கு நடையாய் நடந்தார்கள். பழுதென்று மூடிய பாலத்தை யார் சொல்லித் திறந்தாய் என்ற கேள்விக்கு, அதிகாரி வெஸ்லிங் தன் வாயால் பதில் சொல்வதை அவள் கேட்க வேண்டும். அது போதும்.

ஆனால் விழாவுக்கு முந்தின மாலை, பாலத்தின் தடுப்பை ஆட்கள் கழற்றும்போது வெஸ்லிங் பக்கத்தில் நின்றதை அவள் பார்த்திருந்தாள். அதைக் குழுவுக்கு எழுதப்போய்ச் சாட்சியாகிவிட்டாள்.

"நல்ல நியாயம்! கல்யாணப் பொண்ணுக்கே பந்தியில எடமில்லையாம்" என்றாள் ஹெட்விக். "சாட்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டு உள்ள வாங்க அண்ணி."

"அந்தாளு பொய் சொன்னா? இல்லைன்னு சொல்ல யாரு இருக்கா?"

ஹெட்விக் கதவுப் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் போறேன். எங்கண்ணனக் கொன்னவன் மூஞ்சிய நானாவது பாக்கறேன்."

கதவு மூடிக்கொண்டது. குட்ரூன் வாங்கிய காப்பி குடிக்காமலே ஆறியது. உள்ளிருந்து ஓர் ஆண்குரல், தாழ்ந்து, நிதானமாக வந்தது. வார்த்தை பிடிபடவில்லை. காதைத் தீட்டியவள் சட்டென்று பயந்து எழுந்தாள். ஒரு சொல் காதில் விழுந்தாலும் தன் சாட்சியம் கெட்டுவிடுமே! நடைவழியின் கடைசியில் இருந்த ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டாள். அங்கேயும் உள்ளே யாரோ சிரித்தது கேட்டது. எதற்குச் சிரித்தார்கள்?

கதவு திறந்தது. வெஸ்லிங் தன் வக்கீலோடு தரையைப் பார்த்தபடி கடந்து போனார். பின்னால் ஹெட்விக் ஓடி வந்தாள். கண்கள் சிவந்து நனைந்திருந்தன.

"அண்ணி, அந்தாளு..."

குட்ரூன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "சொல்லாதடி! ஒரு வார்த்த சொன்னாலும் எம் பேச்சு செல்லாமப் போயிடும்."

உள்ளங்கைக்கடியில் ஹெட்விக்கின் உதடுகள் துடித்தன. அது ஆத்திரமா, ஆறுதலா? குட்ரூன் அந்த முகத்தைப் படிக்காமல் திரும்பிக்கொண்டாள். ஊழியர் அவள் பெயரைக் கூப்பிட்டார்.

"முந்தின சாட்சி என்ன சொன்னார்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று குழுத் தலைவி கேட்டார்.

"தெரியாதுங்க."

நாற்காலியில் வெஸ்லிங் உட்கார்ந்த சூடு இன்னும் இருந்தது. அவள் கைகளை மேசைக்கடியில் கோத்துக்கொண்டாள்.

"நான் பாத்தத மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள்.