மேலே பார்த்தால் ஆமாம்

ரங்கூனில், மிங்கலாடோனிலிருந்து கியாக்டடா அலுவலகங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுநர் ஞானமுத்து. தினமும் நெரிசலில் கிடந்து கழுத்து இறுகிப்போகும். முடிவெட்டப் போன இடத்தில் கடைக்காரர் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுத்துவிட்டார். சுகமாக இருக்கிறதென்று சிரித்துக்கொண்டே ஞானமுத்து வீடு வந்தார். மறுநாள் சாயங்காலம் தலை சுற்றியது. எதிரே நின்ற மனைவி பெர்சிஸ் இரண்டாகத் தெரிந்தாள். வாந்தியும் எடுத்தார்.

"பித்தமா இருக்கும், படுங்க," என்று எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தாள் பெர்சிஸ். விடிந்தபோது கைகால் அசையவில்லை, பேச்சும் இல்லை.

கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த ரத்தம் மேலேறி மூளைத்தண்டை அடைத்துவிட்டது என்றார், ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஸயாமா என்று கூப்பிடும் டாக்டரம்மா. "உடனே கொண்டுவந்திருந்தால்..." என்று ஆரம்பித்தவர், பெர்சிஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நினைவு திரும்பாது என்றார்கள். தொண்டையில் செருகிய குழாய் வழியாக இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டது.

ஐந்தாம் நாள் காலை, கட்டிலருகே நின்று ஞானமுத்துவின் தம்பி டேவிட் சொன்னான்: "கல்லறையில அப்பா பக்கத்துலயே எடம் கேட்டிருக்கேன் அண்ணி."

பெர்சிஸ் தற்செயலாகக் கணவன் முகத்தைப் பார்த்தாள். கண்கள் மேலும் கீழும் அலைந்தன.

"டேவிட், வாயை மூடு!" குனிந்தாள். "என்னங்க, நான் பேசறது கேக்குதா? கேட்டா மேலே பாருங்க. இல்லைன்னா கீழே."

கண்கள் மேலே போயின.

"நம்ம கல்யாணம் மாண்டலேலயா நடந்துச்சு?"

கீழே.

"ரங்கூன்லயா?"

மேலே.

ஐந்து நாளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். டேவிட் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். டாக்டரம்மா வந்து சோதித்துவிட்டுப் பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் புரிகிறது. ஆனால் உடம்பு திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது. இந்தக் குழாய் தொடர வேண்டுமா, எடுத்துவிடலாமா என்று இனி அவரைத்தான் கேட்க வேண்டும். பேசிக்கொண்டிருங்கள், வருகிறேன்."

தனியானதும் பெர்சிஸ் உடைந்தாள். "அன்னிக்கே உங்களைத் தூக்கிட்டு ஓடி வந்திருக்கணும். எம்மேல கோவமா?"

கீழே பார்த்தார்.

"எங்ககூடவே இருப்பீங்கல்ல?"

மறுபடியும் கீழே.

அவள் கட்டிலை ஒட்டி இன்னும் குனிந்தாள். புரியாமல் பார்க்கிறாரோ? "குழாயை எடுத்துடச் சொல்றீங்களா?"

கண்கள் மேலே போய் அங்கேயே நின்றன. ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

கதவு திறந்தது. "என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டரம்மா.

பெர்சிஸ் நகர்ந்து, கணவன் கண்கள் டாக்டரம்மாவுக்குத் தெரியாதபடி குறுக்கே நின்றுகொண்டாள்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலை, ஸயாமா," என்றாள்.